திட்டிவாசல்

அக்கா, தப்பாக எடுத்துக்காதீங்க, உங்க போனைத் திறக்க நாலு தடவையும் ஒரே எண்ணைத்தானே அமுக்கினீங்க?

நான் எட்டிப் பார்க்கவில்லை, சத்தியமாக. திண்டுக்கல்லில் ஏறினதிலிருந்து ஆறு தடவை திறந்துவிட்டீங்க. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் கண்ணில் படத்தானே செய்யும்? கட்டைவிரல் ஒரே இடத்தில் நாலு குத்து. பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. மாத்துங்க. நான் வேண்டுமானால் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஏய் பாப்பா, பெரியம்மா கம்மலை இழுக்காதே. விடு. விடுடி. பதினேழு மாசம்தான் ஆகிறது, கைக்கு எட்டுகிறதை எல்லாம் பிடுங்கிப் பார்க்கிற வயசு.

என் தொழில் அது, அக்கா. அதனால் கண் தானாகப் போகிறது. திண்டுக்கல்லுக்கு வடக்கே ஒரு நூல் மில்லில் ஏழு வருசமாக சிஸ்டம் அட்மின். என் மாமியார் தெருவில் கேட்கிறவர்களிடம், "எங்க மருமக மில்லுல கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்கா" என்பார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. யோசித்தால், இதைவிடச் சரியாக எந்தக் காலேஜிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மூன்று யூனிட், நூற்றிப் பத்து கம்ப்யூட்டர், இரண்டு சர்வர், கூரைக்கும் தரைக்கும் பாம்பு மாதிரி ஓடுகிற கேபிள். அத்தனைக்கும் ஒரே காவல்காரி. மில்லில் எனக்குப் பெயர்கூடக் கிடையாது. நாகஜோதி என்பது சம்பளச் சீட்டில் மட்டும். மற்றபடி 'சிஸ்டம்'. "சிஸ்டத்தைக் கூப்பிடு." "சிஸ்டம் சாப்பிடப் போயிருக்கு." இவள் பிறந்தபோது, "சிஸ்டத்துக்குப் பொம்பளப் பிள்ளை" என்று நோட்டீஸ் போர்டில் எழுதிவைத்து மிட்டாய் கொடுத்தார்களாம்.

நான் படித்தது கிராமத்துப் பள்ளிக்கூடம்தான். ஆறாவது படிக்கும்போது கம்ப்யூட்டர் வந்தது. பன்னிரண்டாவது முடித்து வெளியே வரும்போதும் அதற்குப் போட்ட உறையைக் கழற்றவில்லை. ஹெச்.எம். ரூமில் வைத்து, ரூமைப் பூட்டி, சாவியை அவர் இடுப்பில் சொருகியிருந்தார். அதைவிடப் பாதுகாப்பான கம்ப்யூட்டரை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

மில்லுக்கு வந்தபோது எப்படி இருந்தது தெரியுமா? சர்வர் என்றால், எல்லாக் கம்ப்யூட்டரும் கைநீட்டிக் கேட்கிற பெரிய கம்ப்யூட்டர். பஞ்சு எவ்வளவு வந்தது, நூல் எந்த லாரியில் போனது, எந்தப் பெண் எத்தனை ஷிப்ட் பார்த்தாள், எல்லாம் அதன் வயிற்றில்தான் கிடக்கும். அது சூடாகக் கூடாது என்று ஏ.சி. போட்டிருந்தார்கள். ஜி.எம். ரூமை விட்டால் மில்லில் ஏ.சி. உள்ள ஒரே இடம் அதுதான். அதனால் என்ன ஆனது? நான் முதல் நாள் கதவைத் திறந்தால், சர்வர் அலமாரியின் அடித்தட்டில் தயிர்ச்சட்டி. மேல்தட்டில் வெள்ளிக்கிழமை பூசைக்கு வாங்கிய மல்லிகைப் பூ. ஜி.எம். தனுஷ்கோடி சாரின் மோர்ப் பாட்டில் ஒன்று. நடுவில் சர்வர், பாவம், குடும்பத்தில் ஒண்டிக்கொண்ட தூரத்துச் சொந்தம் மாதிரி.

எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்தேன். பூட்டு வாங்கிப் பூட்டினேன். ஜி.எம். சாருக்கு முகம் சுண்டிப்போனது. "ஏம்மா, மோர் என்ன பண்ணப்போகுது உன் சர்வரை?" என்றார். "மோர் ஒண்ணும் பண்ணாது சார், மோர் எடுக்க வர்றவங்கதான்" என்றேன். அன்றிலிருந்து எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். இருக்கட்டும்.

அடுத்தது சுவர். வெளியுலகத்துக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரு தடுப்பு. எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தேன். சினிமா பார்க்கிற வழியை அடைத்தேன். அக்கவுண்ட்ஸ் பிரிவில் மூன்று பேர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இன்னொருவர், "வேலை பாக்கவே மனசு வரலைம்மா" என்றார். அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

அப்புறம் பாஸ்வேர்டு. ஐயோ, அதைக் கேட்டால் நீங்க பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுவீங்க. ஜி.எம். சாருடையது அவர் கார் நம்பர். கார் எங்கே நிற்கும்? ஆபீஸ் வாசலில். போகிறவன் வருகிறவன் எல்லாம் குனிந்து படித்துக்கொண்டு போகலாம். அக்கவுண்ட்ஸில் ஏழு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு, குலதெய்வத்தின் பெயர். ஏழு பேரும் ஒரே குலமா என்றால் இல்லை, ஹெட் கிளார்க்கின் குலதெய்வம். டெஸ்பாட்ச் பிரிவில் ஆரோக்கியசாமி அண்ணன் இருக்கிறாரே, அவர் ஒரு துண்டுத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, மானிட்டர் நெற்றியில் ஒட்டியிருந்தார். கேட்டால், "மறந்துட்டா உன்னையத்தானம்மா தொந்தரவு பண்ணணும்? உனக்கு ஏன் சிரமம்னுதான்" என்கிறார்.

விடுவேனா? சட்டம் போட்டேன். மாதம் ஒரு முறை எல்லாரும் பாஸ்வேர்டு மாற்றியாக வேண்டும். பத்து எழுத்துக்குக் குறையக் கூடாது. மூன்று தடவை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும், என்னிடம் வந்து நின்று திறந்துகொண்டு போகவேண்டும். பாஸ்வேர்டு போட்டால் மட்டும் போதாது, போனுக்கு வருகிற எண்ணையும் போடவேண்டும். மில்லே கொதித்தது. ஆரோக்கியசாமி அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார், "சம்பளம் வருசத்துக்கு ஒருக்கா ஏறுது, இது மாசத்துக்கு ஒருக்கா மாறுது. ரெண்டையும் மாத்திப் போடும்மா, உனக்குக் கோயில் கட்டுறோம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்தான். ஆனால் மனதில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. லேட்டாக வருகிறவர்கள் பெயரை மில் கேட்டுக்குப் பக்கத்து போர்டில் சாக்பீசால் எழுதுவார்கள். நானும் ஜி.எம். சாரிடம் சொல்லி, அதே போர்டில் ஒரு ஓரத்தில் கட்டம் போட்டு, 'இந்த மாதத்தின் பலவீனமான பாஸ்வேர்டு' என்று பெயர் எழுத ஆரம்பித்தேன். மூன்று மாதம் தொடர்ந்து ஆரோக்கியசாமி அண்ணன். மாற்றச் சொன்னால், பழையதின் வாலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறார், அக்கா! ஐம்பத்து நான்கு வயசு மனுசன். லோடு ஏற்ற வருகிற பையன்களெல்லாம், "என்ன அண்ணாச்சி, பலவீனமா இருக்கீங்களாமே" என்று கிண்டல் பண்ணினார்கள். நல்லதுதானே? வெட்கப்பட்டால் திருந்துவார்கள். திருந்தினாரா? நாலாவது மாதம் சரியாக மாற்றினார். என்ன, மாற்றியதை மறந்துவிட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை என் கதவைத் தட்டினார். "சிஸ்டம், பூட்டிக்கிச்சு" என்று சின்னப் பிள்ளை மாதிரி நிற்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

இதெல்லாம் நடக்கும்போதுதான் இவள் வயிற்றில். ஆறு மாதம் லீவு என்று சட்டம் சொல்கிறது. ஜி.எம். சார் சட்டத்தைக் கேட்டு வளர்ந்தவரா? பிரசவ வார்டுக்கே போன். "எடுத்துக்கம்மா, லீவு எடுத்துக்க, நல்லா ரெஸ்ட் எடு. இந்த ரெண்டாம் யூனிட் பிரிண்டர் மட்டும் என்னன்னு சொல்லிடு." இவள் பிறந்து நாலாம் நாள்.

அதனால் ஒரு ஏற்பாடு பண்ணினேன். மில் கேட்டைப் பார்த்திருப்பீங்க. லாரி வந்தால்தான் பெரிய கதவைத் திறப்பார்கள். ஆள் போய்வர அந்தக் கதவிலேயே சின்னதாக ஒரு திட்டிவாசல் இருக்கும், குனிந்து நுழைகிற மாதிரி. அதே போல நான் கட்டிய சுவரில் எனக்கென்று ஒரு திட்டிவாசல். வீட்டு லேப்டாப்பிலிருந்து நேராக சர்வருக்கு. சுவரைக் கட்டினவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? யாருக்கும் தெரியாது. ஜி.எம். சாருக்கே தெரியாது. உங்களிடம்தான் சொல்கிறேன், நீங்க யாரோ நான் யாரோ.

பாஸ்வேர்டா? அதைக் கேளுங்க, அது ஒரு கூத்து. பாப்பா எப்போதும் வலது கைப் பக்கம்தான் பால் குடிப்பாள். அந்தப் பக்கம்தான் அவளுக்கு வாகு. வலது கை அவள் தலைக்கு அண்டை கொடுத்திருக்கும். மிச்சம் இருப்பது இடது கை ஒன்று. ஒரு கையால் பத்து எழுத்தை அங்குமிங்கும் தேடி அடிக்க முடியுமா? அதனால் கீபோர்டில் இடது ஓரத்து எழுத்துகளாகப் பார்த்து வைத்தேன். மேல்வரிசையில் ஐந்து, அதற்கு மேலே ஐந்து எண். வரிசையாகத்தான் அக்கா. வரிசையாக இல்லாவிட்டால் விரல் எப்படி வழுக்கிக்கொண்டு போகும்? கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். பத்து எழுத்து இருக்கிறதில்லையா, சட்டம் சரியாய்ப் போச்சு.

போனுக்கு எண் வருகிற ஏற்பாட்டை எனக்கு மட்டும் நிறுத்திவைத்தேன். அது டிங் என்று அடிக்கும், இவள் எழுந்துவிடுவாள். மூன்று தடவை தப்பானால் பூட்டிக்கொள்வதையும் எடுத்துவிட்டேன். குழந்தை கை பட்டு என்னவாவது அடித்துவிட்டால்? மற்றவர்களுக்குப் பூட்டிக்கொண்டால் சிஸ்டத்திடம் வருவார்கள். சிஸ்டத்துக்கே பூட்டிக்கொண்டால் யாரிடம் போவது?

அட, எங்கேயோ போய்விட்டேன். நான் சொல்ல வந்தது போன மாதம் நடந்ததை.

திங்கட்கிழமை காலை. முதல் ஷிப்ட் சங்கு ஊதி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் இவளை மாமியாரிடம் விட்டுவிட்டு மில்லுக்குள் நுழைகிறேன், ஆரோக்கியசாமி அண்ணன் எதிரே ஓடி வருகிறார். "ஜோதி, பெட்டி பூராச் செவப்பா என்னமோ எழுதுதும்மா." போய்ப் பார்த்தால் ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அதே. பஞ்சுக் கணக்கு, நூல் கணக்கு, வருகைப் பதிவு, எல்லாவற்றுக்கும் எவனோ முகம் தெரியாதவன் பூட்டுப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெளியே ஒன்பது லாரி நிற்கிறது.

நின்று அழ நேரமா? முதல் வேலையாக எல்லாக் கம்ப்யூட்டரின் கேபிளையும் பிடுங்கு என்று ஆளை ஓடவிட்டேன். ஜி.எம். சார் என்ன பண்ணினார் தெரியுமா? பூசணிக்காய் வாங்க ஆள் அனுப்பினார். கண் திருஷ்டியாம். சர்வர் ரூம் வாசலில் சூடம் ஏற்றி, சுற்றி, ஓங்கி உடைத்தார்கள். தண்ணீர் தெறித்து, என் சுவிட்ச் பெட்டிக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. வைரஸ் செய்யாததை அந்தப் பூசணிக்காய் செய்திருக்கும்.

காப்பாற்றியது நான்தான் அக்கா, பெருமைக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சர்வரில் உள்ளதை எல்லாம் ஒரு தனி டிஸ்கில் இறக்கி, அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். எங்கள் வீட்டு பீரோவில், என் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கும். எவன் வந்தாலும் பட்டுப்புடவைக்கு அடியில் கைவைக்க முடியாதில்லையா? வெள்ளிக்கிழமை வரைக்குமான கணக்கு அத்தனையும் பத்திரமாக இருந்தது. ஒரு பைசா கட்டவில்லை அவனுக்கு.

ஆனால் நூற்றிப் பத்து கம்ப்யூட்டரையும் துடைத்து, முதலிலிருந்து எல்லாம் போட்டு, திரும்ப இணைக்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் இவளையும் தூக்கிக்கொண்டு போனேன். சர்வர் ரூமில் கேபிள் போகிற இரும்புக் கம்பியில் சேலையைக் கட்டித் தூளி போட்டேன். ஏ.சி. காற்றில் மகாராணி நன்றாகத் தூங்கினாள். ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே சர்வரை ஏற்றினவள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த ஒன்பது நாளும் ஆரோக்கியசாமி அண்ணனைப் பார்க்கவேண்டுமே! ஒரே குஷி. பீரோவிலிருந்து கார்பன் தாளைத் தேடியெடுத்து, பில் புத்தகத்தைக் கையாலேயே எழுதினார். லாரியோடு போகவேண்டிய அரசாங்க இ-வே பில்லை மட்டும் மகன் போனில் போட்டுக்கொண்டார். எந்தப் பார்ட்டிக்கு எந்த ரக நூல், எத்தனை மூட்டை, எல்லாம் வாயிலேயே இருக்கிறது மனுசனுக்கு. ஒரு லாரி நிற்கவில்லை. பிறகு நான் சரிபார்த்தபோது ஒரு எண்கூடத் தப்பில்லை. அது கிடக்கட்டும். கையால் எழுதுகிறதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது, சொல்லுங்க? யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

மெதுவாகப் பேசவேண்டும். அவர் இதே பஸ்ஸில்தான் வருகிறார். அதோ, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், நீலச் சட்டை, வழுக்கைத் தலை. திரும்பிப் பார்க்காதீங்க.

ஏனா? அதைத்தான் சொல்ல வருகிறேன். எல்லாம் சரியானதும் கோயமுத்தூர் ஹெட் ஆபீஸிலிருந்து ஓலை வந்தது. எப்படி உள்ளே வந்தான், யாரால் வந்தான், ஒரே பக்கத்தில் ரிப்போர்ட் கொடு. ஜி.எம். சார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நாகஜோதி, ரிப்போர்ட்ல ஒரு பேர் இருக்கணும்மா. பேர் இல்லாத ரிப்போர்ட்டை முதலாளி படிக்க மாட்டார்."

"சார், இதுல ஆளைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம் சார்."

"வெளியாள் பேர் யாரு கேட்டா? நம்மாள் பேர் சொல்லும்மா. இல்லேன்னா சிஸ்டம் உன் பொறுப்பு, உன் பேர்தான் வரும்."

தேடினேன் அக்கா. சும்மா சொல்லக்கூடாது, நியாயமாகத் தேடினேன். சனிக்கிழமை மத்தியானம் ஆரோக்கியசாமி அண்ணனுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது, அட்டைப்பெட்டி கம்பெனியின் பெயரில், ஒரு பில்லோடு. திறந்திருக்கிறார். தெரியாத மெயிலைத் திறக்காதே என்று நான் எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்! போய்க் கேட்டேன், "திறந்தீங்களாண்ணே?" "திறந்தேம்மா. பில்லு வந்தா திறக்காம?" மறைக்கக்கூடத் தெரியவில்லை. ஏற்கெனவே மூன்று மாதம் போர்டில் பெயர் வந்தவர் வேறு. எழுதினேன். நானாக எழுதவில்லை, அக்கா. கம்ப்யூட்டர் சொன்னதை நான் எழுதினேன்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். இருபத்தாறு வருச சர்வீஸ். இன்றைக்கு மூன்று மணிக்கு ஹெட் ஆபீஸில் விசாரணை. சரி என்றால் திரும்ப எடுப்பார்கள், இல்லையென்றால் அப்படியே வீட்டுக்கு. நான் சாட்சி. போய் என் ரிப்போர்ட்டைப் படிக்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேலை. பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு வரமுடியுமா? அதனால் இவளும் சாட்சிக்கு வருகிறாள்.

அந்தப் பில்லா? பிறகு தனியாக ஒரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்தேனே. அது நிஜமான பில்தான். அட்டைப்பெட்டிக்காரரிடம் போன் பண்ணியும் கேட்டுவிட்டேன், அவர் அனுப்பியதுதானாம். ஆனால் ஒன்று யோசிங்க. திறக்கும்போது அது நிஜமான பில் என்று ஆரோக்கியசாமி அண்ணனுக்குத் தெரியுமா? தெரியாதில்லையா? தெரியாமல்தானே திறந்தார்? அதுதான் குற்றம்.

அப்படியென்றால் எப்படித்தான் உள்ளே வந்தான் என்கிறீங்களா? உங்களுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி, நிம்மதியாகக் காற்று வாங்கிக்கொண்டு வாங்க. அதோ பாப்பா, காற்றாலைக் காற்றாடி பார், எவ்வளவு பெரிய காற்றாடி! உங்க அப்பா அதில்தான் ஏறி ரிப்பேர் பார்க்கிறார். டாட்டா காட்டு.

சரி, கேட்டுவிட்டீங்க, சொல்கிறேன். சர்வர் ஒரு நாட்குறிப்பு எழுதும். யார் எப்போது வந்தார், எங்கிருந்து வந்தார் என்று. அதையும் அச்செடுத்துப் பையில்தான் வைத்திருக்கிறேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் எவனோ ஒருவன், வாய்க்கு வந்த பாஸ்வேர்டை எல்லாம் ஆயிரக்கணக்கில் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறான். வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு ஒன்று சரியாக விழுந்துவிட்டது. உள்ளே வந்து மூன்று நாள் சுற்றிப் பார்த்திருக்கிறான். ஆமாம், மெயிலுக்கு இரண்டு நாள் முன்னால். ஆமாம், என் பெயரில். அந்தத் திட்டிவாசல் வழியாக.

அப்படிப் பார்க்காதீங்க அக்கா. அது வேறு விசயம். திருடன் நம்ம செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் நம்மையா பிடித்து உள்ளே வைப்பார்கள்? வியாழக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு நான் லேப்டாப் பக்கமே இல்லை. இவளுக்குப் பதினாறாம் மாதத் தடுப்பூசி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றேன். அட்டையில் தேதி போட்டு நர்ஸம்மா கையெழுத்து இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டிவிடுவேன். நான் இல்லை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறது. ஆரோக்கியசாமி அண்ணனிடம் அப்படி ஒரு துண்டுத் தாளாவது உண்டா?

ரிப்போர்ட்டில் ஏன் எழுதவில்லையா? ஒரே பக்கம் என்றுதானே கேட்டார்கள்? இது இரண்டாவது பக்கம். கேட்காததை நாம் ஏன் எழுதவேண்டும்?

திட்டிவாசலை எப்போதோ மூடிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமையே, கேபிளைப் பிடுங்குவதற்கு முன்னாலேயே. ஏன் என்று கேட்காதீங்க. இவள் இப்போது பகலில் பால் குறைத்துவிட்டாள், தேவைப்படவில்லை.

எனக்கு ஒன்றும் அவர்மேல் கோபம் கிடையாது, அக்கா. நல்ல மனுசன். அவரை என்ன பண்ணிவிடப்போகிறார்கள்? வயசானவர், பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். எனக்கு அப்படியா? இப்போதுதான் ஆரம்பம். என் பெயர் கெட்டால், சொந்த வீட்டையே பூட்டத் தெரியாதவளுக்கு எவன் காவல் வேலை கொடுப்பான்? ஏழு வருசம், ஒற்றை ஆளாக நின்று கட்டினது. நீங்களாக இருந்தால் என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க பார்ப்போம்.

தாராபுரம் வந்துவிட்டது. பத்து நிமிசம் நிற்கும். நீங்க இறங்கி டீ குடிக்கிறதானால் குடிங்க, நான் இறங்கவில்லை. அடடா, அவர் இந்தப் பக்கம்தான் வருகிறார். அக்கா, ஒன்றும் தெரியாத மாதிரி இருங்க. சன்னலுக்கு வெளியே பார்க்காதீங்க. சரி, பாருங்க, ஆனால் வாயைத் திறந்துவிடாதீங்க.

"என்ன ஜோதி, இறங்கலையா? டீ வாங்கியாரவா?"

"வேணாம்ணே. பாப்பா தூங்கப்போறா."

"தூங்குற மூஞ்சியா இது? என்னா முழி முழிக்கிறா பாரு. இந்தாடி சின்ன சிஸ்டம், வர்க்கி. கடிச்சுக்க. இந்தா, சன்னல் வழியாவே டீயும் வாங்கிட்டேன், சூடா இருக்கு, ஊதிக் குடும்மா."

"உங்களுக்கு எதுக்குண்ணே இந்தச் சிரமம்? நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"எனக்கு இறங்கலம்மா. ஏன் ஜோதி, அங்க இங்கிலீஷ்லயா கேப்பாங்க?"

"கேட்டாலும் கேப்பாங்க. முதலாளி மகன் வருவாருன்னு சொல்றாங்க."

"அதான். பத்து நாளா யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். மெயிலத் தொறந்தேன், சரி. பில்லு வந்துச்சு, சரி. பெட்டி எண்ணிக்கை சரியா இருக்கான்னு பாத்தேன், மூடுனேன். அதுக்கு மேல நான் என்னத்தத் தொட்டு இம்புட்டுப் பெரிய மில்ல நிறுத்துனேன்னு எனக்குப் பிடிபடவே இல்ல. வீட்டுல அவ கேக்குறா, சொல்லத் தெரியல. அங்க கேட்டாலும் முழிச்சுக்கிட்டுத்தான் நிப்பேன். நீ ரிப்போர்ட்டு எழுதினவ, உனக்கு அத்தனையும் தெரியும். பையில பேனா இருக்கும்ல? நான் செஞ்ச தப்பைத் தமிழ்ல ஒண்ணுவிடாம ஒரு தாள்ல எழுதிக் குடும்மா. பல்லடம் போறதுக்குள்ள மனப்பாடம் பண்ணிர்றேன்."